வன்னி நீர் வரலாறு – 17: தாழும் நிலத்தை அளந்த கண்

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குப் போகும் வீதி அளம்பிலையும் செம்மலையையும் கடந்து நாயாற்றுப் பாலத்தில் ஏறுகிறது. பாலத்தின் ஒரு கைப்பக்கம் களப்பு, மறு கைப்பக்கம் வங்கக் கடல். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில், மாரி முடிந்த கையோடு சில முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறிவிடும். இப்படி மணலில் தோண்டும் ஆழங்குறைந்த ஊற்றுக் குழிக்குப் பூவல் என்று பெயர். கடல் பத்து எட்டில் இரைந்துகொண்டிருக்க, பூவல் தண்ணீர் இளநீர்போல இருக்கும். சோளகக் காற்று எழும்பி மாதம் இரண்டு போனால் அதே தண்ணீரை வாயில் வைத்தவுடன் பெண்கள் சொல்லிவிடுவார்கள்: "தண்ணி சவர்க்கத் தொடங்கிட்டுது."

இந்த நாக்கின் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்துப் படைப் பொறியாளர் படோன் கைபன் எண்ணால் எழுதினார். 1901இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் அதே முடிவுக்குத் தனியே வந்து சேர்ந்தார். மழைத் தண்ணீர் கடல் தண்ணீரைவிடச் சற்று இலேசானது. ஆகவே கரையோர மணலுக்குள் அது உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் தொங்கும். மேலே ஒரு அங்குலம் குறைந்தால் கீழே உப்பு நாற்பது அங்குலம் ஏறும். பம்பி வைத்து இறைப்பவர் மேலே குறைந்த ஒரு அங்குலத்தைத்தான் காண்கிறார். கீழே ஏறிய நாற்பதும் அவர் கண்ணில் படுவதில்லை.

சென்ற இதழ்வரை இந்தத் தொடர் மேற்பரப்பு நீரைச் சுற்றியே வந்தது. இரணைமடுவும் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் காட்டுக்குள் தூர்ந்து கிடந்து மீண்ட கதைகள் அவை. குளத்து நீரை அளப்பது எளிது. துருசடியில் அளவுகோல் நட்டிருக்கும். எத்தனை அடி நிற்கிறது என்று கமக்காரர் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் சொல்வார்கள், அதை வைத்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவெடுப்பார்கள். நிலத்துக்குள் கிடக்கும் நீருக்கு அப்படி ஒரு கோல் இல்லை. அந்தக் கோலை மனிதர் தேடிய கதையும், கடைசியில் அது வானத்தில் அகப்பட்ட கதையுமே இந்த இதழ்.

நிலத்தின் உயரத்தை அளக்கும் பழைய வழி மட்டக்கல். இலங்கை நிலஅளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்டில் தொடங்கியது. 1920களின் பிற்பாதியில் ஜே. ஈ. ஜாக்சன் என்ற அளவையாளரின் பொறுப்பில் நாடு தழுவிய நுண்மட்ட அளவை நடந்தது. கடல்மட்டத்திலிருந்து தொடங்கி, வீதியோரமாக ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தொலைநோக்கியும் அளவுகோலுமாக நடந்து உயரத்தைக் கொண்டுபோகும் வேலை அது. ஒரு நாளில் சில கிலோமீற்றர் நகர்ந்தாலே பெரிய காரியம். அந்தப் பொறுமையை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அதற்குள்ளேயே ஒரு குறை இருந்தது. நிலம் அகலமாகத் தாழும்போது அதில் நட்ட கல்லும் கூடவே தாழ்ந்துவிடும். தூரத்தில், அசையாத பாறையிலிருந்து மறுபடியும் மட்டம் எடுத்து வந்தால்தான் குட்டு வெளிப்படும். அதற்குள் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடியிருக்கும்.

மெக்சிகோ நகரத்தில் அப்படித்தான் தெரிய வந்தது. 1925இல் ரொபேர்த்தோ கயோல் என்ற பொறியாளர் பழைய மட்டங்களையும் புதிய மட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நகரம் முழுவதும் அமிழ்கிறது என்று காட்டினார். நிலத்தடி நீரை உறிஞ்சுவதுதான் காரணம் என்று நாபோர் கரில்லோ நிறுவியது 1948இல். இடையிலே இருபத்து மூன்று ஆண்டுகள்!

கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் எடுத்த ஒரு புகைப்படம் இந்த வரலாற்றின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மெண்டோட்டா என்ற ஊருக்கு அருகே ஒரு கம்பம். அதன் அடியில் அமெரிக்க நிலஅளவாய்வு நிறுவனத்தின் ஜோசப் போலண்ட் நிற்கிறார். அவருடைய காலடியில் 1977 என்ற பலகை. தலைக்கு மேலே 1955. இன்னும் மேலே, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், 1925. அந்த ஆண்டில் நிலத்தின் மேற்பரப்பு அங்கே இருந்தது. அரை நூற்றாண்டில் ஏறக்குறைய ஒன்பது மீற்றர் போய்விட்டது. பருத்திக்கும் பழத்தோட்டத்துக்கும் ஆழ்கிணறுகள் இறைத்ததன் விலை அது. அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தாழ்ந்தது தெரியவில்லை. வீடும் வீதியும் மரமும் மாடும் எல்லாம் சேர்ந்து இறங்கும்போது எதை வைத்து ஒப்பிடுவது?

ஏன் தாழ்கிறது என்பதைக் குளத்து அடிமண்ணைக் கண்ட வன்னியாருக்கு விளக்குவது சுலபம். ஆவணியில் வற்றிய குளத்தின் களி சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆழத்தில் நடப்பது வேறு வகை என்றாலும் உறவு நெருக்கமானது. மணல் படைகளுக்கு இடையே களிப் படைகள் உண்டு. மேலே உள்ள மண்ணின் பாரத்தில் ஒரு பங்கைக் களியின் நுண்துளைகளில் நிற்கும் நீர் தாங்குகிறது. மணலிலிருந்து நீரை இழுத்தால் களியிலிருந்தும் மெல்ல மெல்ல நீர் கசியும். பாரம் முழுவதும் களித் துணிக்கைகளின் தலையில் இறங்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தவை ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடும். அளவோடு இறைத்திருந்தால் அடுத்த மழைக்கு நிலம் மீண்டும் நிமிரும். ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் நிமிராது. எத்தனை மாரி பெய்தாலும் படுத்த களி எழும்பாது, முன்பு அது பிடித்த நீரை இனிப் பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு குளம் தூர்ந்துபோனதாகவே கொள்ள வேண்டும். அதைத் தூர்வார எந்தத் திணைக்களத்தாலும் முடியாது. நீர் முகாமை செய்பவர்களுக்கு நிலந்தாழ்வு முக்கியமாவது இதனால்தான். சுவர் வெடிப்பது வெளியே தெரியும் காயம் மட்டுமே.

இப்போது வானத்துக்கு வரலாம்.

1978 ஜூனில் நாசா சீசாற் என்ற செய்மதியைக் கடலை ஆராய அனுப்பியது. மின்கோளாறு ஒன்றால் 105 நாளில் அது செத்துப்போனது. கடலைப் பார்க்கப் போனது தரையையும் ராடார் அலையால் தடவியிருந்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1989இல், கேப்ரியேல், கோல்ட்ஸ்ரீன், செப்கர் என்ற மூவர் அந்தப் பழைய பதிவுகளை எடுத்துத் தெற்குக் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கை ஆராய்ந்தார்கள். வயல்களில் சில, வரம்பு பிசகாமல் தனித்தனிக் கட்டங்களாக, சில சென்ரிமீற்றர் அளவுக்கு உயர்ந்தும் சில தாழ்ந்தும் காணப்பட்டன. வாய்க்கால் திறந்து நீர் பாய்ச்சிய வயலின் களி நீரைக் குடித்து ஊதியிருந்தது! ராடாரைக் கொண்டு நிலத்தின் சிறு அசைவை விண்ணிலிருந்து அளந்த முதல் முயற்சிகளில் ஒன்று, வயலுக்குத் தண்ணீர் கட்டியதைக் கண்டுபிடித்த முயற்சி. இந்தத் தொடரை எழுதும்போது கிடைத்த செய்திகளில் இதைப்போல மனத்தைத் தொட்டது வேறில்லை.

அது எப்படி அளக்கிறது? மாட்டுவண்டிச் சில்லின் விளிம்பில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்ததாக எண்ணிக்கொள்ளலாம். வண்டி பட்டியிலிருந்து வயல்வரை போய்த் திரும்பி வருகிறது. சில்லு எத்தனை தரம் சுற்றியது என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் வண்டி வந்து நிற்கும்போது பொட்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கலாம். பன்னிரண்டு நாள் கழித்து அதே வழியில் அதே வண்டி போய் வருகிறது. பொட்டு முன்பு நின்ற இடத்திலேயே நின்றால் வழி நீளவுமில்லை, குறையவுமில்லை. கால் சுற்றுத் தள்ளி நின்றால் வழி அந்த அளவுக்கு நீண்டுவிட்டது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்ரினல்-1 செய்மதிக்குச் சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 5.6 சென்ரிமீற்றர்; அதுதான் அதன் அலைநீளம். அலை போயும் வரவும் வேண்டும் என்பதால் நிலம் 2.8 சென்ரிமீற்றர் தாழ்ந்தாலே பொட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். ஏறத்தாழ 700 கிலோமீற்றர் உயரத்தில் பறந்துகொண்டு ஒரு விரற்கடை வேறுபாட்டை அது பிடிப்பது இப்படித்தான். இரவானாலும் மேகம் மூடினாலும் அதற்கு ஒன்றுதான். ராடார் தன் வெளிச்சத்தைத் தானே கொண்டு போகிறது.

1992 ஜூன் 28இல் கலிபோர்னியாவின் லேண்டர்ஸ் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தை இந்த முறையில் படமாக்கிய பிரெஞ்சு அறிஞர் மசொனேயும் கூட்டாளிகளும் 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. மயிற்பீலி நிறங்களில் வளையம் வளையமாக நிலத்தின் அசைவு தெரிந்தது. அதற்குப் பின் வந்த தடைகள் வேறு. காற்றிலுள்ள ஈரம் அலையைத் தாமதப்படுத்தி இல்லாத அசைவை இருப்பதாகக் காட்டும். மழைக்கால நாடுகளில் இது பெருந்தொல்லை. செடி கொடி இரண்டு படங்களுக்கு இடையில் வளர்ந்தாலும் கணக்குக் குழம்பும். 1990களின் கடைசியில் இத்தாலியின் மிலான் நகரில் பெரெற்றி, பிராத்தி, ரொக்கா என்போர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். படம் முழுவதையும் நம்பாமல், வருடக்கணக்காக மாறாமல் அலையைத் திருப்பியனுப்பும் புள்ளிகளை மட்டும் பொறுக்கி எடுப்பது. கூரை முகடு, பாலம், மின்கம்பம், மொட்டைப் பாறை. பத்தல்ல, நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கினால் ஈரக்காற்றின் பொய் தானாகக் கழிந்து, ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் அசைவும் தெளிந்து வரும்.

2014 ஏப்ரல் 3ஆம் நாள் சென்ரினல்-1A ஏவப்பட்டதோடு வரலாற்றின் போக்கு மாறியது. அதற்கு முன் ராடார் படம் விலை கொடுத்து வாங்கும் பண்டம். இப்போது எவரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். அதே ஆண்டில் கலிபோர்னியா நிலத்தடி நீரைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. அங்கே உள்ளூர் நீர் அமைப்புகள் நிலந்தாழ்வைக் கண்காணித்துக் கணக்குக் காட்ட வேண்டும். மாநில நீர்வளத் துறையே ராடார் அளவைகளை வெளியிடுகிறது. எந்த வட்டாரத்தின் கிணறுகள் எல்லை மீறுகின்றன என்பதைப் பக்கத்து ஊரவரும் பார்க்கலாம்.

இலங்கை இந்தப் பாடத்தைக் கண்ணீரோடு படித்தது. ஊவா மாகாணத்தில் உமா ஓயாத் திட்டம் நடந்துகொண்டிருந்த காலம். மலைநாட்டு ஆற்றின் நீரைப் புகுல்பொல, டயரபா ஆகிய இரண்டு அணைகளில் மறித்து, பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் நீளமுள்ள சுரங்கத்தால் மலையைக் குடைந்து கொண்டுபோய், ரந்தெனியவில் நிலத்தடி மின்நிலையத்தில் 120 மெகாவாட் மின்சாரம் எடுத்து, தென்கிழக்கின் வறண்ட நிலத்துக்குப் பாய்ச்சுவது நோக்கம். ஈரானிய நிறுவனம் ஒன்று கட்டியது. 2014 டிசெம்பர் 24ஆம் நாள், குடைந்துகொண்டிருந்த சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது.

அது மலையின் தண்ணீர். பாறை வெடிப்புகளில் காலங்காலமாகத் தேங்கி, பண்டாரவளையைச் சுற்றிய ஊர்களின் கிணறுகளையும் ஊற்றுகளையும் வளர்த்துவந்த தண்ணீர். அது கீழே சுரங்கத்தின் வழியே ஓட, மேலே கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வற்றின. சுவர்கள் பிளந்தன, தரை இறங்கியது. ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பங்களும் நாட்டுப்புறச் சிங்களக் குடும்பங்களும் ஒரே வரிசையில் பவுசர் தண்ணீருக்குக் குடம் வைத்தார்கள். 2017இல் சுரங்கத்துக்குள் மீண்டும் பெருங்கசிவு. அந்த ஜூன் மாதத்தில் பண்டாரவளை நகரில் மக்கள் திரண்டு வீதியை நிறைத்தார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெடித்த வீடுகளைப் பார்வையிட்டது, வெளிநாட்டு வல்லுநர் அழைக்கப்பட்டனர், கசிவை அடைக்கச் சீமெந்துக் குழம்பு பாய்ச்சினார்கள். 2024 ஏப்ரல் 24ஆம் நாள் திட்டம் திறந்து வைக்கப்பட்டது.

இந்தக் கதையில் நின்று கவனிக்க வேண்டிய ஒரு பொருத்தம் உண்டு. சென்ரினல் வானேறி எட்டு மாதம் கழித்துத்தான் மலை கசியத் தொடங்கியது. கண் திறந்திருந்தது. பின்னாளில் ஆய்வாளர்கள் ராடார் பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டி, சுரங்கப் பாதையை ஒட்டிய நிலத்தின் தாழ்வை எடுத்துக் காட்டினார்கள். வீட்டுச் சுவரில் வெடிப்பைக் காட்டி நின்ற குடியானவருக்கு, "உங்கள் வீடு பழைய வீடு, அத்திவாரம் பிழை" என்று சொல்லி அனுப்ப முடியாதபடி செய்யும் சாட்சி அது. ஆனால் சாட்சி வழக்குக்குப் பிந்தி வந்தது. சுரங்கம் குடையத் தொடங்கும் முன்பே நிலத்தின் இயல்பான அசைவும் கிணறுகளின் மட்டமும் பதிவாகியிருந்தால், நட்டஈட்டுப் பேச்சு இத்தனை ஆண்டு இழுபட்டிருக்காது.

கடலுக்கு அக்கரையில் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர். 1960களின் கடைசியில் ஐ.நா. துணையோடு நடந்த ஆய்வு அங்கே வளமான நிலத்தடி நீரைக் கண்டறிந்தது. நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயல்களுக்கும் இறைத்தார்கள். 1969இல் கரையிலிருந்து மூன்று கிலோமீற்றர் அளவில் நின்ற உப்பு எல்லை, பின்வந்த சில பத்தாண்டுகளில் பத்துக் கிலோமீற்றருக்கு அப்பாலும் உள்ளே ஏறியது. நாயாற்றுப் பூவலில் ஒரு கோடையில் நடந்து மாரியில் ஆறிவிடுவது, அங்கே ஒரு தலைமுறையாக ஆறாமல் கிடக்கிறது. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லொறிகளுக்குப் பின்னால் நகரமே ஓடியதை ஈழத்தவரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஏரி வறண்டால் சனம் எங்கே போகும்? ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான்.

அதன் தடம் ராடாரில் விழுந்திருக்கிறது. அமெரிக்காவின் வேர்ஜினியா ரெக் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த நிதேஷ்நிர்மல் சதாசிவமும் அவருடைய குழுவினரும் டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூர் ஆகிய ஐந்து நகரங்களின் எட்டாண்டு ராடார் பதிவுகளை ஆராய்ந்து 2025இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சென்னையில் மிக விரைவாகத் தாழும் இடம் ஆண்டுக்கு ஏறக்குறைய 32 மில்லிமீற்றர் இறங்குகிறது. டெல்லியில் 51. ஐந்து நகரங்களிலும் சேர்த்து, ஆண்டுக்கு 4 மில்லிமீற்றருக்கு மேல் தாழும் நிலத்தில் 19 இலட்சம் பேர் குடியிருக்கிறார்கள். ஒரு கட்டடம் முழுவதும் ஒரே அளவில் இறங்கினால் பெரிய சேதம் வராது. ஒரு மூலை இறங்கி மறு மூலை நின்றால்தான் சுவர் பிளக்கும். இன்ன தெரு, இன்ன கட்டடம் என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குக் கலை வளர்ந்துவிட்டது.

டெல்லியில் ஒரு நற்செய்தியும் உண்டு. விமான நிலையத்துக்கு அருகே காபசேரா என்ற பகுதி வேகமாகத் தாழ்வதைக் காட்டிய இன்னொரு ஆய்வு, பக்கத்திலுள்ள துவாரகாவின் நிலம் தாழ்வதை நிறுத்திச் சற்று நிமிரத் தொடங்கியதையும் காட்டியது. அங்கே குழாய்க்கிணறுகளைக் கட்டுப்படுத்தினார்கள், மழைநீரை நிலத்துக்குள் இறக்கினார்கள், நீர்நிலைகளை மீட்டார்கள். படுத்த களி எழும்பாது என்பது உண்மை. படுக்கும் முன் விட்டுவிட்டால் எழும்பும் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே படத்தில், அடுத்தடுத்த ஊர்களில் பார்க்க முடிந்தது.

வன்னிக்கு இது எந்த வகையில் பொருந்தும்? நேராகச் சொல்லிவிடலாம்: வன்னியின் பெரும்பகுதி கருங்கற்பாறைமேல் மெல்லிய மண் போர்த்த நிலம், சான் வாக்கின்போல நூறு மீற்றர் களிப் படைகள் கிடக்கும் பள்ளத்தாக்கு அல்ல. நாயாற்றின் மணலும் களியைப்போல நசுங்குவதில்லை. ஒன்பது மீற்றர் தாழ்ச்சிக்கு இங்கே இடமில்லை. இங்கே உள்ள ஆபத்து வேறு அளவில் வருகிறது. களப்போரத்தில் நிலத்தின் உயரமே ஒன்றிரண்டு மீற்றர்தான். கடல்மட்டம் ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் நிலம் ஆண்டுக்கு மூன்று, நாலு மில்லிமீற்றர் இறங்கினாலும் உப்பின் வேகம் இரட்டிக்கும். மழைநீருக்கும் உப்புநீருக்கும் இடையிலுள்ள அந்த ஒன்றுக்கு நாற்பது கணக்கு யாருக்கும் விலக்குக் கொடுப்பதில்லை.

குளக்கட்டுகளின் காரியம் இன்னும் அவசரமானது. வன்னியில் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான குளங்கள், எல்லாம் மண்கட்டு. மண்கட்டு வருடந்தோறும் கொஞ்சம் அமரும். ஒரே சீராக அமர்ந்தால் பயமில்லை, ஒரு இடம் மட்டும் பதிந்தால் உள்ளே கசிவு மண்ணை அரிக்கிறது என்று பொருளாகலாம். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை வடகிழக்கில் எவரும் மறக்கவில்லை. 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாதின்யோவில் சுரங்கக் கழிவு அணை இடிந்தபின் சென்ரினல் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இடிவதற்கு முன்பே அணை அசைந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள். இரணைமடுக் கட்டையும் முத்தையன்கட்டையும் அதே செய்மதி அதே கணக்கில் கடந்து போகிறது. பதிவுகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டும்.

படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சென்ரினலின் குறுகிய அலை இலையில் பட்டே திரும்பிவிடும். காடும் வயலும் நிறைந்த வன்னியில் பன்னிரண்டு நாளில் நெல் ஒரு சாண் வளர்ந்துவிடும். பொட்டு எங்கே நிற்கிறது என்று பார்க்கவே முடியாது. ஆகவே நிலையான புள்ளிகள்தான் கதி. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மீண்டு வந்த குடும்பங்களுக்கு இந்திய வீட்டுத் திட்டத்திலும் பிற உதவிகளிலும் கட்டிய வீடுகள், புதிதாக எழுந்த பாலங்கள், மதகுகள், மின்கம்பங்கள். இந்தக் கூரைகள் எழுந்த ஆண்டுகளும் சென்ரினல் பதிவு தொடங்கிய ஆண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதை எண்ணினால் நெஞ்சு சற்று விம்முகிறது. எல்லாம் இழந்து வந்து வைத்த ஒவ்வொரு கூரையும், தெரியாமலே ஒரு மட்டக்கல்லாகி நிற்கிறது.

இலையை ஊடுருவும் நீண்ட அலைக்கு இப்போது வழி பிறந்திருக்கிறது. 2025 ஜூலை 30 மாலை 5.40க்கு இஸ்ரோவின் ஜி.எஸ்.எல்.வி.-எப்16 ஏவூர்தி நைசார் செய்மதியைச் சுமந்து எழும்பியது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து கட்டிய 2,392 கிலோ எடையுள்ள ராடார் அது. விரித்தால் பன்னிரண்டு மீற்றர் அகலக் குடைபோன்ற அலைவாங்கி. அதன் நீண்ட அலை ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே வழியே திரும்பி வரும். பதிவுகள் எல்லோருக்கும் திறந்தவை. அது புறப்பட்ட ஸ்ரீஹரிகோட்டா எது என்று பார்த்தால், பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒரு மணல் திட்டு. உப்புக் காற்று, இறால், களப்பு வாய் மூடித் திறக்கும் கவலை, எல்லாம் நாயாற்றாருக்குப் பழகியவை. ஒரே கடலின் மேற்குக் கரையில் இரண்டு மணல் திட்டுகள்.

ஆனாலும் செய்மதி ஒரு பக்கத்துக் கணக்கைத்தான் சொல்லும். நிலம் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது என்று அது சொல்லலாம்; ஏன் இறங்கியது என்று கேட்டால் கிணற்றைத்தான் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவிலும் டெல்லியிலும் ராடார் படம் பொருள் பெற்றது, பக்கத்தில் கிணற்று நீர்மட்டப் பதிவுகள் இருந்ததால். இலங்கையில் நீர்வளச் சபை கண்காணிப்புக் கிணறுகளை வைத்திருக்கிறது. கரையோர வன்னியின் மணற் கிணறுகளுக்கு அவை மட்டும் போதா. 2017இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்ட நாயாற்றுக் களப்பைச் சுற்றி இறால் பிடிப்பவரும், குமுளமுனைப் பக்கம் தண்ணிமுறிப்பின் கீழே நெல் செய்பவரும், மணல் திட்டில் பூவல் தோண்டுபவரும் ஒரே நீரின் மூன்று முனைகளில் நிற்கிறார்கள். மூன்று முனையிலும் கிணற்று மட்டம் எழுதப்பட வேண்டும்.

அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. வலைக்காரர் வீட்டில் ஈயக்குண்டும் நூலும் எப்போதும் இருக்கும். நூலில் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கிணற்று வளையத்தில் ஒரு இடத்தில் வர்ணத்தால் குறி வைத்து, எப்போதும் அந்தக் குறியிலிருந்தே குண்டை இறக்க வேண்டும். தண்ணீரில் தொடும் சத்தம் கேட்டதும் நூலைப் பிடித்து முடிச்சை எண்ணி, பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பி ஒன்றில் நாளோடு எழுத வேண்டும். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை எழுதினால் நன்று. அதே நாளில் நாயாற்றுப் பாலத்தின் கொங்கிறீற்றில் பட்டுத் திரும்பும் அலை மேலே ஒரு இலக்கத்தைப் பதிந்துகொண்டு போகும். சோளகம் எழும்பும் முன் முதல் இலக்கம் கொப்பியில் ஏறிவிட்டால், தண்ணீர் சவர்க்கத் தொடங்கும் நாளில் இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

(தொடரும்)